கதவைச் சாத்தும் காட்சி

நடிகை வீசியதில் கண்ணாடியில் பட்டுச் சிதறிய வசனத் தாள்களை மேக்கப் பெண் குனிந்து பொறுக்கினாள்.

"இவள்லாம் ஒரு டைரக்டர்! பெத்த பொண்ணை ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டுற தாய் எங்கயாவது இருப்பாளா?" நடிகை கொதித்தார். "பாக்கிறவன் என் மூஞ்சியில காறித் துப்புவான்."

மேக்கப் பெண்ணுக்கும் அதே எரிச்சல்தான். திரையில் எத்தனையோ நாயகர்களுக்குத் தாயாக வாழ்ந்த மனுஷி. தனக்கென்று ஒரு குழந்தை இல்லையே என்று பேட்டிகளில் அவர் கண் கலங்கும்போதெல்லாம் இவளும் சேர்ந்து அழுதிருக்கிறாள். இந்தப் படத்துக்கு மட்டும் கதைகூடக் கேட்காமல் எப்படித் தலையாட்டினார் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

கதவு திறந்தது. ஊன்றுகோலை முன்னால் வைத்து, இரும்புப் பட்டை கட்டிய இடது காலை இழுத்துக்கொண்டு டைரக்டர் உள்ளே வந்தாள். அவளுக்கு இது முதல் படம். கால் ஊனமான ஒரு சிறுமி வளர்ந்து ஆளாகும் கதை. நன்றாக நடக்கிற பெண்ணை நொண்ட வைத்து எடுக்க மாட்டேன் என்று தயாரிப்பாளரோடு மல்லுக்கட்டி, நிஜமாகவே ஊன்றுகோலில் நடக்கும் ஒரு பள்ளி மாணவியை நாயகியாக்கியிருந்தாள்.

"ஷாட் ரெடி, மேடம்."

"சீனை மாத்து. கதவைச் சாத்திட்டு அந்தத் தாய் ஒரு நிமிஷமாவது அழட்டும்."

"அழ மாட்டா."

"அந்தக் குழந்தையோட காலைக் காட்டி டிக்கெட் விக்கப் பாக்கிறியா?"

"அவளைப் பாத்துப் பாவப்பட நான் ஒரு ஷாட்கூட வைக்கல. நீங்களும் பாவப்பட வேண்டாம்."

"ஓஹோ! கால் இல்லாதவங்க எல்லாம் தெய்வம், பெத்தவ மட்டும் ராட்சசியா?"

"என் படத்துல அந்தப் பொண்ணும் நல்லவ இல்ல. பொய் சொல்வா, திருடுவா, அம்மா செத்துப் போகணும்னு வேண்டிக்குவா."

"நான் கிளம்பிடுவேன்!"

"போங்க. இந்தக் கதவு திறந்துதான் இருக்கு."

மேக்கப் பெண் சட்டென்று பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். நடிகை நாற்காலியை விட்டு அசையவில்லை. இவளுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

"வயசுக்காவது மரியாதை குடுங்க. இவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றாள் டைரக்டர், அவள் பக்கம் திரும்பாமலே.

நடிகையின் குரல் இறங்கியது. "சரி, அழ வேண்டாம். ஆனா அந்தப் பொண்ணு உள்ளேருந்து கதவைத் தட்டுறதா எழுதியிருக்கியே, அதை எடுத்துடு. அவ தட்ட மாட்டா. சத்தம் போடாம படம் வரைஞ்சுக்கிட்டு இருப்பா."

"வெளிய நிக்கிறவளுக்கு உள்ள நடக்கிறது என்ன தெரியும்? டிவியை அவ்வளவு சத்தமா வெச்சா, தட்டுறது எப்படிக் கேக்கும்? வாங்க மேடம்."

காட்சி சின்னதுதான். தாய் மகளை அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கூடத்தில் இருக்கும் விருந்தாளியிடம் சிரித்தபடி வர வேண்டும். "உங்களுக்குக் குழந்தைங்க?" என்று அவர் கேட்பார். "எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லைங்க" என்று சொல்ல வேண்டும்.

நடிகை தள்ளினார், தாழ்ப்பாள் போட்டார், சிரித்தார். விருந்தாளி கேட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அடுத்த டேக்கிலும் அதே கதி. அதற்கடுத்த டேக்கில், சிறுமி உள்ளிருந்து தட்டத் தொடங்கியதுமே நடிகையின் கை தானாகத் தாழ்ப்பாளைத் திறக்கப் போனது.

"கட்!"

ஒரே டேக்கில் ஓகே வாங்குவதற்குப் பேர் போனவர், வேர்த்து விறுவிறுத்து நின்றார். மேக்கப் பெண் தண்ணீரோடு ஓடினாள். அவளை ஒதுக்கிவிட்டு, ஊன்றுகோல் தரையில் இடிக்க இடிக்க, டைரக்டர் நடிகைக்கு எதிரே வந்து நின்றாள்.

"என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டு, வந்தவங்க அத்தனை பேர்கிட்டயும் நீ சொன்ன வசனம்தானேம்மா, இப்ப மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"