திறக்க முடியாத லேப்டாப்

கன்னத்தில் விழுந்த முதல் அறையில் ரோகிணியின் மூக்குக் கண்ணாடி பறந்து பிரிண்டருக்கு அடியில் போய் விழுந்தது. இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. அப்போதும் அவள் சொன்னதையேதான் சொன்னாள்.

"திறக்க முடியாதுண்ணே. எல்லாத்தையும் போர்டோட சேத்து ஒட்டி அனுப்பிட்டான். மெமரி கூட்ட முடியாது. புதுசுதான் வாங்கணும்."

வில்லாபுரத்தில் அவளுடைய லேப்டாப் சர்வீஸ் கடை அது. பிழைப்பு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த ஒரு கடைதான். எதிரே நின்ற அழகுபாண்டி அன்று காலைதான் முதல்முறையாக உள்ளே வந்தவன். மேஜையில் அவன் கொண்டுவந்த லேப்டாப், கையில் வண்டியிலிருந்து எடுத்துவந்த இரும்புக் கம்பி.

"புல்லட்டுக்குச் செயின் மாத்துறேன். லாரி இஞ்சினையே இறக்கி ஏத்துறேன். எஞ்சாமானுக்கு உள்ள ஒரு மெமரிய மாத்தக் கூடாதா? அதச் சொல்ல நீ யாருடி?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதைக் கம்பியை வைத்துக்கொண்டு கேட்டதுதான் அநியாயம்.

"கம்பெனிக்கே கொண்டு போங்கண்ணே."

"அங்கன பில்லு கேக்குறான்." சொன்ன வேகத்தில் கம்பியை வீசினான். கண்ணாடி ஷோகேஸ் பொடிப்பொடியானது. அடுத்த வீச்சில் இரண்டு மானிட்டர்கள் கீழே விழுந்து சிதறின.

தன் லேப்டாப்பை அப்போதுதான் சரிபண்ணி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு வாத்தியார் கல்யாணராமனுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, என்னோடதை அஞ்சு நிமிஷத்துல திறந்து மெமரி போட்டுக் குடுத்தியே. இதையும் திறந்துதான் பாரேன். கடையே போயிண்டிருக்கு."

"உங்களது வேற சார். இது வேற."

அவருக்கே அது பொய் என்று பட்டது. அவள் லேப்டாப்பைக் கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லையே. மூடியின் ஓரத்தில் ஸ்டிக்கர் சுரண்டப்பட்ட இடத்தை ஒரு தடவை விரலால் தடவியதோடு சரி. புது லேப்டாப்பை விற்றுவிட இப்படியுமா அடம்பிடிப்பாள் ஒருத்தி என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

இருந்தாலும் பெண்பிள்ளையை அடிக்கிறானே என்று குறுக்கே போனார். அழகுபாண்டி அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். பின்மண்டை அலமாரியில் மோதி, சட்டைக் காலருக்குள் ரத்தம் இறங்கியது.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. டீக்கடையிலிருந்தும் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்தும் ஓடிவந்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை, போன்கள் மட்டும் உயர்ந்தன. நம் ஜனங்களின் வீரம் அம்புட்டுத்தான்.

அழகுபாண்டி ரோகிணியின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து அவள் முகத்தை மேஜையில் வைத்து அழுத்தினான். "கடைசியாக் கேக்குறேன். திறக்குறியா, இல்ல மிச்சத்தையும் உடைக்கவா?"

"நான் கை வைக்க மாட்டேண்ணே," என்றாள், மேஜையோடு நசுங்கிய வாயால். "பின்னால ஏதாச்சும் ஒண்ணுன்னா எம்மேலதான் பழி வரும். இத இதுக்கு முந்தி யாராச்சும் பிரிச்சிருக்காங்களா?"

"எவன் பிரிச்சான்? பெட்டியோட புதுசா வாங்குனவன் நான். இன்னைக்கு வரைக்கும் வேறொருத்தன் கை படல."

"அத அவங்களுக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்கண்ணே. நாளைக்கு நாந்தான் எதையோ மாத்திட்டேன்னு சொல்லக் கூடாதுல்ல."

அவன் வாசலைப் பார்த்துக் கத்தினான். "கேட்டுக்கங்கப்பா. இது நான் வாங்குனது. எவனும் திறந்ததில்ல. போதுமா?"

"போதும். இப்பவும் சொல்றேன், அதத் திறக்க முடியாது. உங்களாலயும் முடியாது."

இது போதாதா அவனுக்கு? அவளை உதறித் தள்ளிவிட்டு, மேஜையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். பத்து ஸ்க்ரூவும் உருண்டோடின. நகத்தைக் கொடுத்து நெம்பியதில் அடிமூடி படக்கென்று கையோடு வந்தது. உள்ளே மெமரி, தனியாக மாட்டி, தனியாகக் கழற்றும்படி உட்கார்ந்திருந்தது.

"பாத்தீகளாய்யா! கழட்டி மாட்டுற மாதிரித்தான் இருக்கு. பொம்பள என்னமா ஏமாத்துறா பாருங்க." மெமரியைப் பிடுங்கி எல்லா போன்களுக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினான். கூட்டத்தில் இரண்டு பேர் ரோகிணியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள்.

"வாத்தியாரே, படிச்சவரு நீங்களே சொல்லுங்க." அதைக் கல்யாணராமனின் கையில் திணித்தான்.

அவர் ஒரு கையால் பின்மண்டையைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு பக்கம் பார்த்துவிட்டுத் திருப்பினார். அப்புறம் தன் லேப்டாப்புக்குள் சற்றுமுன் அவள் மாட்டியதை நினைத்துப் பார்த்தார்.

"இதுல வெள்ளை மையில பேரு எழுதியிருக்கே. என்னோடதுல எழுதின மாதிரியே, உன் கையெழுத்துன்னா இது? செல்வக்குமார்னு இருக்கு. தேதிகூடப் போட்டிருக்கே, போன வருஷம் மே மாசம்."

ரோகிணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தாடையில் வழிந்த ரத்தத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். அழகுபாண்டி வாசலைப் பார்த்தான். அங்கே போன்கள் இன்னும் இறங்கவில்லை.

"யாரும்மா அது, செல்வக்குமார்?" என்றார் கல்யாணராமன்.

"கீழக்குயில்குடி ரோட்டுல இந்த லேப்டாப்புக்காக வெட்டுப்பட்டுச் செத்தாரே சார், என் வீட்டுக்காரரு."