பதினேழாம் மாடம்

பழைய அரங்கத்தின் மேடை நடுவில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். இல்டே மட்டும் உட்கார மறுத்துவிட்டாள்.

"படிங்க. நின்னுக்கிட்டே கேக்குறேன்" என்றாள் என்னிடம்.

பத்திரத்தை உரக்கப் படித்தேன். மொந்தெலாரோவுக்கு நான் நோட்டரியாக வந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. காகிதத்தில் இருந்ததைத் தவிர எனக்கு இந்த ஊரைப் பற்றி அதிகம் தெரியாது.

நூற்றறுபது வருடங்களுக்கு முன் முப்பது குடும்பங்கள் சேர்ந்து கட்டிய இசை நாடக அரங்கம் இது. உட்கார்ந்து பார்க்கக் குடும்பத்துக்கு ஒரு தனி மாடம். வீட்டையும் திராட்சைத் தோட்டத்தையும் போல மாடத்தையும் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தார்கள். போர்க்காலத்தில் இதற்குள் கோதுமை மூட்டைகளை அடுக்கினார்கள். அப்புறம் கொஞ்ச நாள் சினிமா ஓடியது. கூரை ஒழுகத் தொடங்கியதும் பூட்டிவிட்டார்கள்.

இது 1961. நகராட்சி இதை இடித்துவிட்டு ஆறு மாடிக் குடியிருப்பு கட்ட நினைக்கிறது. அதற்கு முப்பது மாடக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

இருபத்தொன்பது பேர் போட்டுவிட்டார்கள்.

பதினேழாம் மாடம் இல்டேயுடையது. பரம்பரைச் சொத்து இல்லை. ஊரார் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைப்பவள் அவள். போர் முடிந்த இரண்டாம் வருடம், அரங்கத்தை இடிக்கலாம் என்று முதன்முதலாகப் பேச்சு எழுந்தபோது, நொடித்துப்போன ஒரு குடும்பத்திடமிருந்து அதை விலைக்கு வாங்கியிருக்கிறாள்.

பாட்டு என்றால் அவளுக்கு உயிர் என்று ஊர் சொன்னது. மாவட்டப் பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள்.

ஆனால் வாங்கிய பிறகு அவள் ஒரு நிகழ்ச்சிக்குக்கூட உள்ளே வந்ததில்லை.

மேயர் தார்சிசியோ பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். "இல்டேம்மா, புதுக் கட்டடத்துல கீழ்த்தளத்துலயே உங்களுக்கு ஒரு கடை. பின்னாடி ரெண்டு அறை. தண்ணியெல்லாம் உள்ளயே வந்துடும்."

"வேணாம்ப்பா."

கட்டட ஒப்பந்தக்காரர் சிரித்தார். "அம்மா மேடையேறிப் பாடப் போறாங்க போல."

"நீ பேசாத. உன் சட்டை என்கிட்ட வந்து ரெண்டு மாசமாச்சு."

அவர் கசங்கிய காலரை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மேயர் எழுந்தார். குரல் தணிந்திருந்தது. "வெளிப்படையாவே பேசிடலாம். அந்த ஞாயித்துக்கிழமைக்காகத்தானே? எங்கப்பா முன் வரிசையில உக்காந்திருந்தார்னுதானே? அவரை அடக்கம் பண்ணியே பத்து வருஷமாச்சு. இது நிக்கிற வரைக்கும் நான் இந்த வழியா தலை குனிஞ்சு போகணும். அதானே உங்களுக்கு வேணும்?"

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று எனக்குத் தெரியவில்லை. ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்திருந்தது. தரையைப் பார்த்தார்.

இல்டே என் பக்கம் திரும்பினாள். நான் வெளியூர்க்காரன் என்பதால் முதலிலிருந்து சொன்னாள். சட்டை எப்போது தயாராகும் என்று சொல்கிற அதே குரலில்.

1922, அக்டோபர். மதியக் காட்சி. பாதிப் பாட்டில் கருஞ்சட்டைக்காரர்கள், பாசிசக் கட்சியின் அடியாட்கள், உள்ளே வந்தார்கள். பாடியவர்களை இறக்கிவிட்டு மேடையில் ஒரு நாற்காலி போட்டார்கள். தொழிலாளர் சங்கத்துக்குத் துண்டறிக்கை அச்சடித்த ஒரெஸ்தேயை இழுத்து வந்து அதில் கட்டினார்கள். இல்டேயின் அண்ணன். ஒரு புட்டி விளக்கெண்ணெய் முழுவதையும் அவன் வாயில் கவிழ்த்தார்கள்.

பிறகு காத்திருந்தார்கள்.

ஊர் பார்த்துக்கொண்டிருக்க அவன் கால்சட்டை நனைந்தது. கைதட்டுங்கள் என்றார்கள். அரங்கம் கைதட்டியது.

அந்த மாதமே ஒரெஸ்தே பிரான்சுக்குப் போய்விட்டான். அதன் பிறகு ஒரு கடிதம்கூட வரவில்லை.

"நானூறு பேர் இருந்தாங்க" என்றாள் இல்டே. "இதை இடிச்சிட்டா, அன்னிக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்டுல இருந்ததா ஆயிடும். விட மாட்டேன்."

பேனாவை என் பக்கம் தள்ளினாள். முப்பதாவது கையெழுத்து அன்றைக்கும் விழவில்லை, அதற்குப் பிறகும் விழவில்லை.

"ஆக, எங்கப்பாவைத்தான் சொல்றீங்க" என்றார் மேயர்.

"உங்கப்பாவா?"

இல்டே முன் வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"முன் வரிசையிலதான் இருந்தாரு. எண்ணெயை ஊத்தும்போதே எழுந்துட்டாரு. தொப்பியைத் தலையில வச்சுக்கிட்டு, அவனுங்க எதிர்லயே நடந்து வெளிய போனாரு. வாசல்ல பிடிச்சு ரெண்டு விரலை ஒடிச்சானுங்க. உன்கிட்ட சொன்னதில்லையா?"

"ஏணியிலேர்ந்து விழுந்துட்டதா சொன்னாரு." மேயர் மெல்ல உட்கார்ந்தார்.

"இந்த ஊர்ல எழுந்து போன ஒரே ஆளு உங்கப்பாதான், தார்சிசியோ."

இல்டே கையை உயர்த்தி மேல் அடுக்கைக் காட்டினாள். நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்கான இடம். அங்கே கூரை உடைந்து வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

"நான் அங்க நின்னேன். பத்தொன்பது வயசு. அண்ணன் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பாத்தான்."

கையை இறக்கவில்லை.

"அப்போ நான் கைதட்டிக்கிட்டிருந்தேன்."