காலிக் கூண்டின் ஈக்கள்

மிருகக்காட்சிசாலைக் கிழட்டுப் புலியின் காதுப் புண்ணை எந்நேரமும் ஈ மொய்க்கும். அதற்குத் தினமும் மருந்து தடவிய கையால் சாப்பிடக் குமட்டி, கூண்டுக்காரர் ஆறு மாதமாக ஸ்பூனில்தான் சாப்பிட்டார்.

புலி செத்து மூன்று நாளாயிற்று. பினாயில் ஊற்றிக் கழுவியும் ஈக்கள் போகவில்லை. காலிக் கூண்டுக்குள், இடுப்புயரத்தில், வெறும் காற்றில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பிக்கிடந்தன.

"என்னத்தண்ணே இப்படி மொய்க்குது?" என்றாள் பெருக்குகிறவள்.

"கருமம், யாருக்குத் தெரியும்?"

பதினோரு மணிக்கு, வழக்கமாக இறைச்சி போடும் நேரத்தில், அந்த ஈக்கூட்டம் கலையாமல் ஆடி அசைந்து கம்பியருகே வந்து நின்றது. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை நீட்டி விரட்டினார். ஈக்கள் எழுந்தன. விரல்களில் வெதுவெதுவென்று சீழ் வழிந்தது.

அன்றைக்குத்தான் அவர் ஸ்பூன் எடுத்து வரவில்லை.