சுக்குக் கிடங்கின் ஒன்பது பேர்

"உன்னை மாத்திரம் வச்சுக்கிறேன், உன் ஆளுங்களை எல்லாம் விட்டுடறேன்னு ஒருத்தன் வந்து சொன்னா, நீ எந்து பறையும் மாரி?"

லியா சேச்சி இப்படிக் கேட்டது மூன்று சனிக்கிழமைக்கு முன்பு.

இஸ்ரேலில் பிறந்து வளர்ந்த யூதப் பெண். மட்டாஞ்சேரியில் பூட்டிக் கிடந்த தாத்தா காலத்து வீட்டைச் சரிசெய்ய வந்து தங்கியிருக்கிறாள். சனிக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். சுவிட்சைக்கூடத் தொட மாட்டாள். தொடச் சொல்லி இன்னொருவரிடம் வாய்விட்டுக் கேட்கவும் கூடாதாம்.

"நல்ல புழுக்கம், இல்லே?" என்பாள். சனிக்கிழமைகளில் ஒத்தாசைக்கு வரும் சந்தனமாரி ஃபேனைப் போடுவாள்.

அப்புறம் அந்த வாரத்துக்கான வேதப் பகுதியை வாசித்துவிட்டு, அதிலுள்ள கதையைப் பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் சொல்வாள். அன்றைக்கு மோசேயின் கதை. அவர் மலைமேல் போயிருந்த நேரத்தில் சனங்கள் பொன்னில் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டுவிட்டார்கள். கடவுளுக்கு வந்ததே கோபம். இவர்களை ஒழித்துவிட்டு உன்னை வைத்துப் புதிதாக ஒரு பெரிய கூட்டத்தை உண்டாக்குகிறேன் என்றார்.

அந்த இடத்தில்தான் கதையை நிறுத்திக் கேட்டாள்.

"போய்யா, நீயும் உன் வேலையும்னு எந்திரிச்சு வந்துருவேன் சேச்சி."

மாரி யோசிக்கவேயில்லை. லியா சேச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். மோசேயும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னாராம். இவர்களை மன்னிக்க முடியாதென்றால் உன் புத்தகத்திலிருந்து என் பேரையும் அடித்துவிடு என்று.

வீடு திரும்பும் வழியெல்லாம் மாரிக்குப் பெருமையாக இருந்தது.

இன்று சுக்குக் கிடங்கின் மாடியில், மேலாளர் அனந்தநாராயணனின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

சுக்கைப் புடைத்துத் தரம் பிரிக்கும் பத்துப் பெண்களில் அவள்தான் தலைவி. தங்கை மகளுக்குக் காதுகுத்து என்று சங்கரன்கோவிலுக்குப் போயிருந்தவள், காலையில்தான் ரயிலை விட்டு இறங்கினாள். அவள் இல்லாத நாலு நாளும் மற்ற ஒன்பது பேர் முறத்தைத் தொடவில்லை. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வைத்தால்தான் வேலை என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று இழுத்துப் பிடித்திருக்க வேண்டிய கதவு அது.

"ஒரு தாழ்ப்பாளுக்காக என் லோடு கப்பல் ஏறாம கிடக்கு. ஒம்பது பேரும் இனி வேண்டாம்," என்றார் அனந்தநாராயணன். "நீ ஊர்லயே இல்லை, உன்மேல தப்பில்லை. நீ இரு. புதுசா இருபது பேர் தரேன், உனக்குக் கீழே."

"சரி சார்."

வீட்டு வாடகையும் மகளின் படிப்பும் கண்முன் வந்து நின்றதால்தான் அப்படிச் சொன்னோம் என்று அடுத்த நொடியே மனதுக்குள் காரணம் தேடினாள். எதுவும் வந்து நிற்கவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

அவர் செல்வலட்சுமியை மேலே வரச் சொன்னார். ஒன்பது பேர் சார்பிலும் பேசியவள் அவள்தான். காக்கநாட்டில் கட்டட வேலையின்போது சாரம் சரிந்து விழுந்த அவள் புருஷன் மூன்று மாதமாகப் படுக்கையில் கிடக்கிறான்.

மாரியைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியாக்கா! பிள்ளை ரொம்ப அழுதாளா?"

மாரி பதில் சொல்வதற்குள் அனந்தநாராயணன் குறுக்கிட்டார்.

"அக்கா இங்கதான் இருக்கப் போறா. உங்களுக்குத்தான் வேலை இல்லை. கடைசியா கேக்கறேன், யாரு சொல்லி உக்காந்தீங்க? பேரைச் சொல்லு, உன்னையும் வச்சுக்கறேன்."

செல்வலட்சுமி மாரியைப் பார்த்தாள். மாரி தன் கால் பெருவிரலைப் பார்த்தாள்.

ஊருக்குக் கிளம்பிய அன்று சாயங்காலம், மூட்டைகளுக்குப் பின்னால் ஒன்பது பேரையும் கூட்டி, "நான் ஊருக்குப் போயிருக்கும்போதே உக்காந்துருங்க, வந்து நான் பேசிக்கிறேன்" என்று சொன்னவள் மாரி.

மாரி வாயைத் திறப்பாள் என்று செல்வலட்சுமி காத்து நின்றாள்.

பிறகு யார் பேரையும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.