பேசக் கூடாத பட்டம்

பன்மொழிக் கல்வியில் பட்டம் பெற்ற இதழினிக்குத் திருப்பூர்ப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. ஒடியாவும் போஜ்புரியும் படித்தவளுக்குக் கொடுத்த வேலை, வெளிமாநிலப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவிகளைத் துடைத்துச் சார்ஜ் போடுவது. பிள்ளைகளோடு நேரடியாகப் பேசக் கூடாது. பேசினால் கருவிமேல் நம்பிக்கை போய்விடுமாம்.

ஒரு நாள், பனியன் கம்பெனித் தொழிலாளியின் மகள் லிப்சா வகுப்பில் அழுதாள். "பேட்டொ காட்டுச்சி" என்றாள். சொல்லுக்குச் சொல் 'வயிறு வெட்டுகிறது'; ஒடியாவில் அதற்கு வயிற்றுவலி என்று பொருள். ஆசிரியர் காதிலிருந்த கருவியோ, 'மாணவி எதையோ வெட்டுகிறாள்' என்றது. ஆசிரியர் அவள் பையைக் கொட்டிப் பிளேடு தேடினார். கிடைக்காததால், ஒளித்துவிட்டாள் என்று முடிவுகட்டி வெளியே நிறுத்தினார்.

இதழினி ஓடிவந்து ஒடியாவில் கேட்டாள். சிறுமி வலது அடிவயிற்றைக் காட்டினாள். இதழினி உடனே ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். குடல்வால் வெடிப்பதற்குள் ஆபரேஷன் முடிந்தது.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"உங்களை யாருங்க புள்ளைகிட்டப் பேசச் சொன்னது?"

"மெஷினுக்குப் புரியலைங்க சார். எனக்குப் புரிஞ்சுது. அதைத்தானுங்களே நாலு வருசம் படிச்சேன்?"

"படிச்சதுக்குத்தான் வேலை குடுத்தோம். பேசறதுக்கா குடுத்தோம்?"

அன்றே நீக்கினார்கள். மத்தியானமே விளம்பரம் வந்துவிட்டது: பன்மொழிக் கல்விப் பட்டம் கட்டாயம், வாய் திறக்காதவர்களுக்கு முன்னுரிமை.

படித்துவிட்டு இதழினி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், யாரையும் கேட்காமல், லிப்சாவோடு வாயாரப் பேசிக்கொண்டிருந்தாள்.