போகாத பதில்

“அக்கா லேப்டாப்பா அண்ணே?”

“ஆமா. இனி மாமியார் வச்சுக்கப் போறாங்க. மெயில் வருது, போகமாட்டேங்குது.”

மெக்கானிக் பார்த்தான். “இது உங்க வீட்டு நெட்டுக்குப் போட்ட செட்டிங். மாமியார் வீட்டுல வேற கம்பெனி நெட். அதான் வெளியே விடல.”

மாற்றினான். “அக்கா எழுதின பதில் ஒண்ணு மாட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்பப் போயிடுச்சு.”

லேப்டாப்பைக் கொண்டுவந்தவனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தாய் வீட்டுக்குப் போயிருந்த மனைவிக்கு, மன்னிப்புக் கேட்டு நாலு மாதம் முன்பு அவன் எழுதியதற்குப் பதில்: ‘கோபமெல்லாம் போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க.’

“உங்களுக்கா அண்ணே? அக்கா கூப்பிட்டா உடனே ஓடிடணும்!” என்று சிரித்தான் மெக்கானிக்.

நாலு மாதம் முன்பு வந்த அந்த ஞாயிறு, பதில் வராததால் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று எண்ணி அவன் போகவில்லை. செவ்வாய்க்கிழமை போனான், அவளை அடக்கம் செய்ய.