ஏழாவது கேள்வி

காலையில் வைத்த வாரத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த வெங்கடேஸ்வரி டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செண்பகத்தோப்பு மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் அது. ஐந்தாம் வகுப்பில் நாலு பேர் ஏழாவது கேள்விக்கு ஒரே தப்பை எழுதியிருந்தார்கள்.

“நாலு பேரும் எந்திரிங்க. காப்பியடிச்சீங்களா? திங்கட்கிழமை காலாண்டுப் பரீட்சை. அதுலயும் இப்படித்தானா?”

“இல்ல டீச்சர்,” என்றாள் அக்சா. “நாங்க நாலு பேருந்தான் காலைல மொதல்ல வாரோம். அதான்...”

“ஏட்டி, எதிர்த்தா பேசுத?”

“புதன்கிழமையே சொல்ல வந்தோம் டீச்சர். நீங்கதான், வாயை மூடிட்டுத் தெரிஞ்சதை டெஸ்ட்டுல எழுதுங்கன்னு சொன்னீங்க.”

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. ஏழாவது கேள்விக்கு நாலு தாளிலும் சைபர் போட்டார். கரும்பலகை துடைக்கிற துணியை அக்சாவிடம் நீட்டினார்.

“போய்த் தொட்டிக் குழாயில நனைச்சுட்டு வா.”

“தொட்டிக்கா டீச்சர்?” அவள் துணியை வாங்கத் தயங்கினாள்.

“போன்னா போ.”

போனாள். மற்ற மூன்று பேரும் உட்காராமல் ஜன்னலையே பார்த்தபடி நின்றார்கள்.

சத்துணவு சமைக்கும் மாரிக்கனி வாசலில் எட்டிப் பார்த்தாள். “டீச்சர், நம்ம பள்ளிக்கூடத்து நாயப் பாத்தியளா? ரெண்டு நாளா வச்ச சோறு வச்சபடி கெடக்கு.”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அக்சாவின் தாளை மறுபடி எடுத்தார்.

‘7. சிறுத்தை வாழும் இடம் எது?’

‘நம்ம ஸ்கூல் தண்ணித் தொட்டிக்குப் பின்னால உள்ள புதர்.’